கழிவு

தடைக்காலத்தின் நாற்பத்தி நாலாம் நாள்
காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு
சும்மா கிடந்த மத்தியானம்
எங்கள் ஐஸ் கம்பெனிக்குக் கம்ப்ரசர் பார்க்க வந்தான்
லுபோஷ் என்கிற செக் நாட்டுக்காரன்.
வாசல் நிலை இடிக்குமென்று குனிந்தே நுழைந்தான்.
அமோனியா நெடிக்கு எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள்,
அவன் பொத்தவில்லை.
அது ஏற்கெனவே மூன்று முறை உடைந்த மூக்கு.

"இன்னாக்கா, பாக்ஸரா?" என்றான் எத்திராஜ்.

அப்சல்தான் கேட்டுச் சொன்னான்.
அப்சலின் இங்கிலீஷ் அரை. லுபோஷின் இங்கிலீஷ் அரை.
இரண்டும் சேர்ந்து ஒரு முழுசு ஆகவில்லை.
ஆனாலும் தெரிந்தது:
பதினேழு சீசன் ஐஸ் ஹாக்கி. டிஃபென்ஸ்.

ஐஸ் மேலயா, வழுக்காதா
என்று சிரித்தான் டெரன்ஸ்,
இருபது வருஷமாக ஐஸ் மேல்
வெறுங்காலில் நிற்கிறவன்.

எத்தனை கோல்?
எத்திராஜ் வியாசர்பாடியில் ஃபார்வர்டு,
அவனுக்கு வேறு கேள்வி வராது.
பதினொன்று.
வருஷத்துக்கா?
மொத்தத்துக்கே.
எத்திராஜ் என்னைப் பார்த்தான்.
நான் லெட்ஜரைப் பார்த்தேன்.

அதே லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட்டுக் காட்டினான் லுபோஷ்.
அவன் உள்ளே நிற்கும்போது
அவன் ஆட்கள் கோல் போட்டால் ஒன்று கூட்டல்,
வாங்கினால் ஒன்று கழித்தல்.
அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை
(கேரம் ஸ்ட்ரைக்கரை விடப் பெருசாம்)
அவன் தொட்டானா இல்லையா, கேள்வியே இல்லை.
நின்றான், அவ்வளவுதான்.
பதினேழு வருஷம் கூட்டிக் கழித்து
மைனஸ் நாலு.

எனக்கு இந்தக் கணக்கு புதுசில்லை.
இங்கே ஐம்பது கிலோ பார் வெளியே போகும்,
படகில் ஏறும்போது நாற்பத்திரண்டு.
நடுவில் போன எட்டுக்குத்தான்
என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

விசெதீனில் பத்தொன்பது வயதில் ஆரம்பித்திருக்கிறான்.
ஸ்லோவாகியாவில் இரண்டு வருஷம்.
பின்லாந்தில் பதினோரு நாள்.
அதைச் சொல்லும்போது மட்டும்
ஸ்பேனரைத் துடைத்தான், சுத்தமாக இருந்த ஸ்பேனரை.
அப்புறம் இரண்டாம் டிவிஷன், வலது முட்டி,
கடைசி மேட்ச்சுக்கு நானூறு பேர்,
அதில் பாதி எதிராளி ஊர்க்காரர்கள்.
ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு
தளத்துக்கு அடியில் இறங்கினான்.
அங்கேயும் அமோனியாதான், உப்புத்தண்ணிக் குழாய்தான்,
தன்னைத் தாங்கிய பனியை
கீழிருந்து உறைய வைக்கிற வேலை.
அந்த வேலைதான் அவனை இங்கே கொண்டுவந்தது.

தடை முடிய இரண்டு ராத்திரி இருந்தபோது
மெஷின் ஓடியது.
முதல் கேன், முதல் பார்.
நடுவில் வெள்ளைத் தண்டோடு கண்ணாடி மாதிரி.
லுபோஷ் குனிந்து முழு உள்ளங்கையையும் அதில் வைத்தான்,
ஜுரம் பார்க்கிற மாதிரி.

முப்பத்தியேழாவது பாருக்குச் சரிவின் தடுப்புக்கட்டை பிடுங்கிக்கொண்டது.
பார் நேராக டெரன்ஸின் முதுகுக்குப் போனது.
அவன் டீ கிளாசோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.
கத்த வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை.

லுபோஷ் ஓடவில்லை. ஓடினால் விழுவோம்
என்று அந்த முட்டிக்குத் தெரியும்.
ஒரே ஒரு அடி பக்கவாட்டில்.
கொக்கிக் கம்பைத் தலைகீழாகத் தரையோடு படுக்க வைத்து
இடுப்பைக் கொடுத்தான்.
பார் திரும்பிச் சுவரில் போய் நொறுங்கியது.

"இன்னா சத்தம்?" என்றான் டெரன்ஸ், திரும்பாமல்.
"ஒண்ணுமில்ல, பார் ஒடைஞ்சிருச்சி."

எத்திராஜ் கிரேன் பக்கம். அப்சல் மாடியில்.
பார்த்தது நான் ஒருத்திதான்.
லுபோஷ் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு
கட்டையைத் தேடி எடுத்து ஆணி கேட்டான்.

அன்றைய கணக்கு:
எடுத்தது நாற்பது. ஏற்றியது முப்பத்தொன்பது.
கழிவு ஒன்று.
காரணம் என்ற கட்டம் சின்னது,
அதில் ஈரம் வேறு.