தலைமறைவு

ஆட்டம் முடிந்ததும் முதல் வேலை
கழுத்தை உருவுவது.
அரசனோ கழுதைக்காரனோ
முண்டத்தைப் பெட்டியில் கிடத்திவிட்டுத்
தலையைத் தனி ஏட்டில் செருகிவிட வேண்டும்.
இல்லாவிட்டால் நள்ளிரவில் எழுந்து
பாதியில் நிறுத்திய சண்டையைத்
தாங்களே முடித்துக்கொள்வார்களாம்.

நான் நம்பியதில்லை.
நான் தாளக்காரன்.
ஒரு கையில் மணி, மறு கையில் கட்டை,
காலருகே வெண்கலத் தட்டு, பல்லிடுக்கில் அணைந்த சுருட்டு.
நம்புவதற்கு எனக்கு எங்கே ஒழிந்த கை?

வெய் ஆற்றுக்குத் தெற்கே ஐந்து பேர் நாங்கள்.
கல்யாணம், சாவு, குழந்தைக்கு மாதம் நிறைவது,
யார் கூப்பிட்டாலும் கழுதைமேல் பெட்டி ஏறும்.
ஜிங் பெய்ஹே பாடுவார்,
தளபதிக்கும் அவன் காதலிக்கும் ஒரே தொண்டை.
குச்சி பிடிப்பவன் டாங் யுவான்ஹு.
மாட்டுத்தோலைச் சுரண்டிச் சுரண்டி
விளக்கு அதற்குள் தேனாய் ஊறும்வரை விடமாட்டான்.
ஓர் உருவத்துக்கு மூவாயிரம் வெட்டு என்பான்.
நான் எண்ணியதில்லை.

அறுபத்தாறில் சீமைப்பனிச்சை பழுக்கும் நேரம்
சிவப்புக் கைப்பட்டைப் பையன்கள் வந்தார்கள்.
பெய்ஹேயின் அக்காள் மகனும் அதில் ஒருவன்.
மாமா என்று கூப்பிட வாயெடுத்து
தோழரே என்றான்.
"அரசர்கள் எங்கே? பேய்கள் எங்கே?"

பெட்டியைக் களத்துக்கு இழுத்து வந்து திறந்தால்
உள்ளே நூற்றுச் சொச்சம் முண்டங்கள்.
தலையில்லாதவர்களில் யார் சுரண்டியவன், யார் சுரண்டப்பட்டவன்?
பையன்கள் கூடிக்கூடிப் பேசினார்கள்.
கடைசியில் எல்லாமே நெருப்பில்.
தோல் வறுபடும் வாசனைக்கு
ஊர் நாய்கள் அத்தனையும் வந்து
எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தன.

"தலைகள்?"
"போன குளிரிலேயே எரித்தாயிற்று"
என்றார் பெய்ஹே.
பயத்தில் காதலியின் குரல் வந்துவிட்டது.
தலை போகிற நேரத்தில்
நான் சிரிப்பை விழுங்கினேன்,
சுருட்டையும் சேர்த்து.

தலைகள் தலைமறைவாகியிருந்தன.
யுவான்ஹுவின் மனைவி சியாவ்யே
ஏட்டைப் பிரித்து
கைக்குழந்தையின் பஞ்சு மெத்தைக்குள் தைத்துவிட்டாள்.
இருநூறு முகங்கள் மேல் வளர்ந்தான் மாந்தாங்.
புரண்டு படுத்தால் சரசரக்கும்.
எலி என்பாள் கேட்பவர்களிடம்.
அவன் மூத்திரம் பெய்த நாட்களில்
அமைச்சர்களை அடுப்பருகே உலர்த்தினாள்.

பதின்மூன்று வருஷம்.
கூட்டுப்பண்ணைச் சமையற்கூடத்தில்
சட்டி துலக்கும்போது என் விரல்கள் தட்டும்,
தலைவர் திரும்பினால் நிறுத்தும்.

ஆடலாம் என்று சொன்ன வருஷம்
கிழக்கே ஐந்து மைலிலிருந்து லெய் குழுவினர் வந்தார்கள்.
கூலித் தகராறில்
எங்கள் முகத்திலேயே விழிப்பதில்லை என்று
சபதம் போட்டவர்கள்.
அவர்கள் கொடுத்தது தலைகளை.
உடல்களைச் செங்கல் கட்டிலுக்குள் வைத்துப் பூசிவிட்டு
அதன்மேல் படுத்திருந்தார்கள்.
இப்போது முகம் வேண்டி நின்றார்கள்.

முதல் ஆட்டத்தில் கழுத்துகள் பொருந்தவில்லை.
அவர்கள் காலர் குறுகல், எங்கள் கழுத்து தடி.
மணப்பெண்ணின் உடம்பில் தாடித் தளபதி ஏறிக்கொண்டான்.
ராணி திரும்பும்போதெல்லாம்
முகம் முதுகுப்பக்கம் போய் நின்றது.
களம் முழுக்கச் சிரிப்பு.
ஆட்டமே கண்டிராத பிள்ளைகள் மட்டும்
இதுதான் முறை என்று வாய் திறந்து பார்த்திருந்தார்கள்.
திரைக்குப் பின்னால் வந்த மாந்தாங்
ஒரு பூதத்தின் மூக்கைத் தொட்டு
"என் காதில் குத்தினவன் இவன்தான்" என்றான்.

முடிந்ததும் யார் பெட்டி என்று வாக்குவாதம்.
உடல்கள் அவர்கள் வண்டியில் போயின.
தலைகள் எங்களோடு.
யாரும் நம்பாத சட்டம்
தன்பாட்டுக்கு நடந்துகொண்டது.
இனி நள்ளிரவில் சண்டையென்றால்
ஐந்து மைல் நடக்க வேண்டும்,
அதுவும் யார் நடப்பது,
கால் அங்கே, கண் இங்கே.

கூலி பாதிக்குப் பாதி.
அதிலும் லெய் இரண்டு காசு குறைத்துத்தான் கொடுத்தான்.