சிவப்புக்கு முன் ஒரு மஞ்சள்

வீப்கே ஹெஸ்டர்காம்ப்பின் கணைக்காலில்
நான்கு கன்றல்கள்.
பழையது மஞ்சள், அடுத்த இரண்டும் பச்சை,
இன்று காலை பட்டது கத்தரிப்பூ நிறம்.
நான்கும் ஒரே அளவு:
ஒரு பிளக்கின் அகலம்.

பொத்தானை மிதித்தால் வயர் உள்ளே ஓடவேண்டும்,
அவ்வளவுதான் மேலிடத்தில் கேட்டார்கள்.
ஓடுகிறது.
பையன் உறிஞ்சும் நூடுல்ஸ் மாதிரி
ஏழு மீட்டரும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
கடைசி முழத்தில் நூடுல்ஸ் வாலைச் சுழற்றிக்
கன்னத்தில் ஒன்று வைக்குமே,
அங்கேதான் சிக்கல்.

உருளைக்குள்ளே ஒரு சுருள்வில்.
இழுக்க இழுக்க இறுகும்.
அதில் இருப்பது உன் கையின் பலம்தான்.
வட்டியில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு
கேட்டதும் திருப்பித் தருகிறது,
மொத்தமாக.
தவணையில் தா என்று
பதினோரு மாதமாகக் கெஞ்சுகிறாள் வீப்கே.
ரப்பர் பிரேக் சூடேறி நாறியது.
தோல் மழைக்காலத்தில் உப்பியது.
கம்பளி வைத்தாள்:
தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குள்
தூசி அடைத்துச் செத்தது.

கணக்குப் பிரிவின் ஆன்ஸ்கர் ப்ரோக்மன் கேட்டார்,
ஐந்து மீட்டர் போதாதா?
பீலஃபெல்ட்டில் எந்த வீட்டுப் படிக்கட்டும்
ஐந்து மீட்டரில் முடிவதில்லை, என்றாள்.
மேல் மூன்று படி
ஆயுசுக்கும் அழுக்காகவே கிடக்கும்.

ஏழு மீட்டர் நிலைத்தது.
உருளையோடு வயர் சேரும் இடத்துக்கு
ஒரு முழம் முன்னால் மஞ்சள் பட்டை,
ஒரு சாண் முன்னால் சிவப்பு.
மஞ்சள் சொல்வது: போதும்.
சிவப்பு சொல்வது: போதும் என்று சொன்னேனே.

பிறகு டெட்மோல்ட்டிலிருந்து ஒரு கடிதம்,
தட்டச்சு செய்தது, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.

*ஐயா, நான் பியானோவுக்குச் சுருதி கூட்டுபவன்.
உங்கள் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாக இருப்பதாக
எதிர்வீட்டு அம்மாள் சொல்கிறார்.
பிறந்ததிலிருந்து எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
மூன்றாம் முறையாக
வயரை வேரோடு பிடுங்கிவிட்டேன்.
தங்கள், லூடர் கோட்டன்காம்ப்.*

அன்று மாலை எல்லோரும் போனபின்
வீப்கே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.
இழுத்தாள். இழுத்தாள்.
இன்னும் இருக்கிறதென்றே சொன்னது வயர்,
அறுந்துபோகும்வரை.

மஞ்சளின்மேல் ஒரு ரப்பர் வளையம்,
சிவப்பின்மேல் இரண்டு.
வாய்ச்சக்கரத்தில் வளையம் ஏறி இறங்கும்போது
விரலுக்கு ஒரு 'டிக்'.
அதற்காக வாயை ஒன்றரை மில்லி அகட்டவேண்டும்,
அகட்ட புது அச்சு வேண்டும்,
அச்சுக்கு ப்ரோக்மனின் கையெழுத்து.
ஒரு கடிதத்துக்கு ஓர் அச்சா, என்றார் அவர்.
கெட்டவர் இல்லை.
அவருடைய கூட்டலில்
கோட்டன்காம்ப் ஒரே ஓர் ஆள்.

ஒரே ஓர் இயந்திரத்தின் வாயை
அரத்தால் அவளே அகட்டி
தபாலில் அனுப்பினாள்.

பதில் வந்தது.
*வளையம் நன்று. விரலுக்குப் புரிகிறது.
ஆனால் என் பழைய இயந்திரம் ஜி-யில் பாடியது.
இது எஃப் ஷார்ப்.
கவனிக்கவும்.*

ஒன்பது வருடமாக
'ஓசை' என்ற கட்டத்தில்
'ஏற்கத்தக்கது' என்றே எழுதிவந்தவள்,
அடுத்த இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓடவிட்டாள்.
இரைச்சல். வெறும் இரைச்சல்.
தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடும்
கேன்டீன் கேசாவைக் கூப்பிட்டாள்.
சூப் கரண்டியோடு வந்து நின்று, தலையைச் சாய்த்து,
எஃப் ஷார்ப்தான் என்றாள் கேசா,
கொஞ்சம் அதற்கும் கீழே.

அளந்தார்கள். ஆறு சதவீதம் வேகம் குறைவு.
அந்த மாதம் வந்த பேரிங் எல்லாமே
இறுக்கமாயிருந்தன.
ப்ரோக்மன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபடி
நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

வீப்கே காலால் பொத்தானை மிதித்தாள்,
யோசனை எங்கோ இருக்க.
மஞ்சள் போனது, ஏழு மீட்டரும் போனது,
கடைசி முழம்

ஐந்து.