குறியில்லாத எண்

சோமனூரில் தறிக் கொட்டகை.
நூல் பெட்டியின் மேல் என் லேப்டாப்,
விசைப்பலகை இடுக்கெல்லாம் பஞ்சு.

ஒவ்வொரு தறிக்கும் ஒரு சின்ன போர்டு மாட்டியாயிற்று.
ஐ.பி. வாடகைக்காரன், கரண்ட் போய் வந்தால் வேறு வீடு.
எனக்கு வேண்டியது
ஆலையிலேயே பொறித்து அனுப்பிய ஆறு பைட்.

சாக்கெட் திறந்து
பெயர்க் கட்டத்தில் ஈத் ஜீரோ என்று நிரப்பி
கர்னலைக் கேட்டேன்.
பூஜ்யம் என்றது.
பிழையில்லை என்று அர்த்தம்.

திரையில் மட்டும்
மூன்றாவது பைட் பி எட்டுக்கு முன்னால்
ஆறு எஃப் வரிசை கட்டி நின்றது.

"ஏனுங், எந்தத் தறி நிக்குதுன்னு
பொழுதுக்குள்ள தெரிஞ்சிருமுங்ளா?"
பொங்கியண்ணன். காதருகே கத்தித்தான் பேச முடியும்.

மூன்றாவது டீ ஆறிய பிறகு பிடிபட்டது:
நூற்று எண்பத்து நான்கை
மைனஸ் எழுபத்திரண்டு என்று வாசித்திருக்கிறது.
கேரக்டர் என்று மட்டும் எழுதியிருந்தேன்,
முதல் பிட் ஒன்றாயிருந்தால்
அதற்குக் கடன் என்று பொருள்.
ஆறு எஃப்பும் அந்தக் கடனுக்கு ஏறிய வட்டி.

அன்சைன்டு.
ஒரே சொல். மறுபடி கம்பைல்.
ஆறு ஜோடி, நடுவே ஐந்து முக்காற்புள்ளி, சுத்தமாக.

"என்னுங் தப்பு?"
"இல்லாத கடனைக் கணக்குல வெச்சிருச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை.
சாக்பீஸ் எடுத்துப் போய்
பன்னிரண்டாம் தறியின் இரும்பில்,
பேங்க் ஒட்டிய அடமான ஸ்டிக்கருக்குக் கீழே,
நான் சொல்லச் சொல்ல எழுதினார்.
பி எட்டை மட்டும்
இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.