மூன்றாம் எழுத்து

வானத்துக்குப் பேச கோபுரம் வேண்டும்.
தரைக்குப் பேச இரண்டு செம்புக் கம்பி,
வேரடியில் ஊற்ற ஒரு வாளி உப்புத்தண்ணீர்,
நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிஃபையர்.

கொட்டகைக்குப் பின்னால் இருபது தப்படி இடைவிட்டு
கம்பிகளை அடித்து இறக்கினான் ஹெட்லி.
கூரைக்கு ஓடு மாட்டுகிறவன்,
தரையை நோக்கி அடிப்பது அவனுக்குப் புதிது.

நான் ஐந்து கிலோமீட்டர் தள்ளி,
பிரண்டிலின் அறுவடை முடிந்த பீட்ரூட் வயலில்,
என் இரண்டு கம்பிகளோடு.
ஜனவரி. மடிக்கணினியின் மேல் குடை.
மழை இல்லை, பனி விழும் என்று ஒரு பயம்தான்.

ஹெட்லி என் தங்கையின் கணவனாக இருந்தவன்.
இப்போது அவனை என்னவென்று சொல்ல?
சொல் ஒன்று இருந்தது.
நீதிமன்றக் காகிதம் வந்த வாரம் காலாவதியாகிவிட்டது.
தங்கைக்குத் தெரிந்தால் ஈஸ்டர் விருந்து எனக்கில்லை.
தொலைபேசியில் பேசுவதில்லை, வீட்டுக்குப் போவதில்லை.
மண்ணுக்கு அடியில் மட்டும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பது இங்கே செல்லாது.
பகல் முழுக்க வெங்காயக் கிடங்கின் மோட்டார்கள்
நிலத்துக்குள் முனகிக்கொண்டே இருக்கும்.
இரவுதான் தோது.

கடலுக்குக் கீழே கிடக்கிற மண் இது.
கறுப்பு, ஈரம், கேக் மாதிரி வெட்டலாம்.
உழும்போது ஏர்முனையில் இடறும்
எவரும் நடாத காலத்துக் கருவாலி மரங்கள்.
அவற்றைச் சுற்றிக்கொண்டு, அல்லது ஊடுருவி,
எப்படியென்று எனக்கும் சரியாகத் தெரியாது,
வரவேண்டும் அவன் அனுப்புவது.

ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம்.
ஒரு கோட்டுக்கு ஆறு.
மூன்று எழுத்து அனுப்புகிறேன், என்னவென்று சொல்லமாட்டேன்,
எழுதித் தேநீர் டப்பாவில் போட்டு மூடியாயிற்று
என்று பாலத்தடியில் சீட்டு வைத்திருந்தான்.
தெரிந்துகொண்டு கேட்டால்
காது எதையும் கேட்டுவிடும்.

திரையில் முதலில் மின்வேலி.
டக். டக். டக்.
ஆடுகள் தூங்கினாலும் வேலி தூங்காது.
பிறகு எங்கோ ஸ்பெயின் பக்கத்து மின்னல்,
தெறித்த மணல் போல.
பத்தேகால் மணிக்கு
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில்
நகத்தால் கீறினாற்போல் ஒரு வெளிச்சம்.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.
என் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் எழுத்து வந்தது.
இரண்டாவது, பாதியில் வடிகால் பம்பு ஓடியும், வந்தது.
மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.
பிளாஸ்க் காலியாகி, வலது கால் மரத்துப்போய்,
ஒன்றரை மணி வரை இருந்தேன்.
இருட்டையே உற்றுப் பார்த்தால் கோடு மாதிரி ஏதாவது தெரியும்.
தெரிந்தது. எழுதவில்லை.
மூன்றாம் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

திங்கட்கிழமை, சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்தம்.
என் தாளைப் பார்த்தான், டப்பாவைத் திறக்கவே இல்லை.
காதோரம் சிவந்துபோயிற்று.
"மூன்றாவது போகவில்லை, ஆவெரில்.
ஃபியூஸ் போய்விட்டது. மாற்று ஃபியூஸும் இல்லை.
சொல்ல வெட்கமாக இருந்தது."

சரியாகக் கேட்டதில்
எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலிக் கட்டம்.

வெற்றி ஒன்பது நாள் நீடித்தது.
நூலகத்தில் பழைய வரைபடம் ஒன்று:
அவன் கொட்டகையிலிருந்து என் வயல் ஓரம்வரை
எப்போதோ கைவிட்ட வார்ப்பிரும்புத் தண்ணீர்க்குழாய்.
நிலம் பேசவில்லை, குழாய் பேசியிருக்கிறது.
நகலெடுத்துப் பாலத்தடியில் வைத்தேன்.
அவன் அதன் மேல் எழுதி வைத்தது:
அப்படியானால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் குழாய் கிடையாது.
ஞாயிறு இரவு நாலு மணி நேரம் உட்கார்ந்தேன்.
வேலி. மின்னல். பம்பு.
நோட்டில் எழுதினேன்: ஒன்றும் இல்லை.

அடுத்த சந்திப்பில் வேறெதுவும் கேட்கவில்லை,
ஃபியூஸ் சரியாக இருந்ததா என்று மட்டும்.
இருந்தது என்றான்.
சட்டைப்பையிலிருந்து இன்னும் ஆறு எடுத்துக் காட்டினான்.