மாதிரி இலக்கம் பதினாலு

மூன்று விலைமனு வேண்டும் என்றார்கள்.
மூன்றும் வந்தபோது டொலர் ஏறியிருந்தது.
மறுபடி எழுதினேன். மறுபடி மூன்று.
கோப்பு கொழும்புக்குப் போய்
கையொப்பம் ஒன்று குறைவென்று
மழையில் ஊறிய உறையோடு
நிலாவெளி வீதிக்கே திரும்பி வந்தது.

அந்த இரண்டு வருடமும்
நிறமாலை ஒளிமானியைக்
கரும்பலகையில்தான் படிப்பித்தேன்.
இது விளக்கு. இது அரியம். இது உணரி.
சோக்குக்கட்டியால் ஒரு கதிர்
இடமிருந்து வலம் போய்ச் சுவரில் முட்டும்.
ஒரு தொகுதிப் பிள்ளைகள் அப்படியே பட்டம் வாங்கிப் போனார்கள்.
அவர்களிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
'டீவியா மடம்?' என்றார் லொறிக்காரர்.
ஜும்மா முடிந்து ஓடிவந்த நவுபர்
கலியாண வீட்டுக் கிடாரம் தூக்குவதுபோலத் தூக்கினார்,
'ஒதுங்குங்க, ஒதுங்குங்க' என்று.

பிரித்தால் எல்லாம் இருந்தது,
குவார்ட்ஸ் குவெட்டைத் தவிர.
அது துணைப்பொருளாம்.
அதற்குத் தனிக் கோப்பு.

வந்தாறுமூலையில் இரண்டைக் கடன் வாங்கி
கைலேஞ்சியில் சுற்றி
மூதூர் வழி பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
'என்ன, முட்டையா?' என்றார் நடத்துநர்.
ஓம் என்றேன்.

முதலில் வடித்த நீர்.
திரையில் பூச்சியம், தசமம், மூன்று பூச்சியம்.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
ஒன்றுமில்லாததை அளந்து
நாங்கள் சிரித்த சிரிப்பு!

பிறகு கிணறுகள்.
இருபது சோடாப் போத்தல்,
பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
கன்னியா வெந்நீர், உப்புவெளி விடுதிக் குழாய்,
குச்சவெளி வெங்காயத் தோட்டங்கள்.

பதினாலு: நைத்திரேற்று எழுபத்தொன்று.
எல்லை ஐம்பது.
திரும்பச் செய் என்றேன். எழுபத்திரண்டு.
குவெட்டைக் கழுவித் துடைத்து
இன்னொரு முறை. எழுபத்தொன்று.
மூன்று வாசிப்பும் ஒத்துவந்தால் நம்பலாம்
என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.

சுபாங்கி கொப்பியில் எழுதினாள்,
பேனாவால், வெட்டாமல்.
போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள்.
கதவு திறந்தே கிடந்தது.

'அக்கா, பிள்ளைக்கு மா கரைக்க
எங்கட கிணத்துத் தண்ணி வேண்டாம்.
இல்லை, தெளிவாத்தான் இருக்கும்.
மணக்காது.
கொதிக்கவைச்சாலும் போகாது அக்கா,
கூடத்தான் செய்யும்.
ஓம்.
ஓம், தெரியும், அப்பா வெட்டினது.'

உள்ளே ஒவ்வொருவரும்
தன் போத்தலின் இலக்கத்தைத் தேடினார்கள்.
நவுபர் பதினைந்தை எடுத்துக் குலுக்கினார்,
தேவைக்கு மேலே, கனநேரம்.
கிண்ணியாவிலிருந்து
அவர் கொண்டுவந்த போத்தல் அது.