முப்பத்து மூன்று

முதலில் மரப்பசை.
இசைத்தட்டு சுழலச் சுழல ஊற்றி, தூரிகையால் பரப்பி,
ராத்திரி முழுக்கக் காயவிட்டு
காலையில் உரித்தால்
நாற்பது வருஷத்து அழுக்கு
பாம்புச் சட்டைபோல ஒரே தோலாக வரும்.
வெளிச்சத்தில் பிடித்தால்
பாட்டின் வரிப்பள்ளங்கள் அதில் மேடாகத் தெரியும்.
உடனே தூக்கிப்போட மனம் வராது.

பகலில் ரியெக்கா துறைமுகத்துச் சுங்க அலுவலகம்.
இரவில் ஏழாவது மாடியில் ஊசி, கணினி, நான்.
புரா காற்று வீசினால் வேலை நடக்காது,
ஜன்னல் அதிரும், ஊசி துள்ளும்.
இதுவரை அறுநூற்று எட்டுச் சின்னத் தட்டுகள்.
அச்சடித்த நாடு இப்போது இல்லை,
லேபிளின் விளிம்பில் மட்டும்
வட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது அதன் பெயர்.

அறுநூற்று ஒன்பதாவது,
பிராஸன் டிராம்வாய். காலி டிராம் என்று அர்த்தம்.
டிராம் நின்று முப்பது வருஷமான ஊரில்
எண்பத்தொன்றில் நாலு பையன்கள் வைத்துக்கொண்ட பெயர்.
உறையில் படம் இல்லை, ஆள் பெயர் இல்லை.
ஒரு பெண் பாடுவாள்,
மூச்சு விட நேரமில்லாதவள்போல,
கடைசிப் பேருந்தைத் துரத்திக்கொண்டே பாடுவதுபோல.
நீஷ் பட்டாளக் கூடத்தில்
சாப்பாட்டு மேசைக்கடியில் இதை ஒளித்து வைத்திருந்தோம்.
பதினோரு பேருக்கும் அவள் அசரீரி.
நான் மட்டும் ரகசியமாக
யாஸ்னா என்று பெயர் வைத்திருந்தேன்.

நாற்பத்தைந்து சுற்றில் ஓடவிட்டுப் பதிந்தேன்.
கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்தேன்.
நடுவில் ஒரு குருவி கத்தும், அதைத் தொடவில்லை.
பகிர்ந்த பதினெட்டு நாளில்
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஸ்கோப்யேயில் ஒரு தபால்காரர்,
மால்மோவில் லாரி ஓட்டும் ஒருவர்,
எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி:
யார் இந்தப் பெண்?

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.
பூலாவிலிருந்து. பல் கட்டும் பட்டறை வைத்திருப்பவராம்,
பெயர் திஹோமிர்.
நல்லாச் சுத்தம் பண்ணியிருக்கீங்க, என்றார்.
வேகம்தான் தப்பு.
அது முப்பத்து மூன்று. லேபிளில் போட மறந்துட்டாங்க.
பாடினது நான்.

நெம்பை மாற்றினேன்.
டிரம்ஸ் ஈரச் செருப்போடு படியேறியது.
கிட்டார் யோசித்து யோசித்துப் பேசியது.
குருவி, யாரோ ஒருவனின் இருமல்.
மூன்றாவது வரி வரை காத்திருந்தேன்.
யாஸ்னா வரவில்லை.
பேருந்து எப்போதோ போய்விட்டது,
நிறுத்தத்தில் ஒருத்தன் நிற்கிறான், அவசரமே இல்லாமல்.
அடுத்த அறையிலிருந்து என் மனைவி,
யாரது, செத்த வீட்டில் பாடுகிற மாதிரி?

மறுநாள் நானே அழைத்தேன்.
அந்தக் காலத்தில் வானொலியில் ஒரே ஒருமுறை போட்டார்களாம்,
தப்பான வேகத்தில்.
'புதிய பாடகி' என்றாராம் அறிவிப்பாளர்.
வீட்டில் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள்
விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.
அந்த வாரமே மைக்கை விற்றேன், என்றார்,
ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தது, நல்ல பூட்ஸ்.

எத்தனை பேர் கேட்டாங்கன்னு சொன்னீங்க?
நானூற்றுப் பன்னிரண்டு.
அவளையா?
அவளைத்தான்.
பட்டறையில் ஏதோ ராவும் சத்தம்,
நின்றது, மறுபடி தொடங்கியது.
அவள் இருக்கட்டும், என்றார்.
பக்கத்தில் என்னையும் போடுங்க.

போட்டேன். இரண்டு கோப்புகள்.
பாடியவர் என்ற கட்டத்தில்
ஒன்றில் அவர் பெயர்.
இன்னொன்றில் விரல்
ய-வில் தொடங்கி, அழித்து, வெறுமனே விட்டுவிட்டது.

முப்பத்து மூன்றை
இதுவரை எடுத்தவர்கள் மூன்று பேர்.
ஒன்று நான், சரிபார்க்க.
ஒன்று பூலாவிலிருந்து, இரவு இரண்டு மணிக்கு.
இன்னொருவர் யாரென்று தெரியவில்லை.