ஒன்றேகால் டாலர்

ஆர்கன்சாவில், பருத்தி வயல் முடிகிற வளைவில்
மூன்றாவது மலிவுக் கடையும் திறந்தாயிற்று.
மஞ்சள் பலகை விடிய விடிய எரிகிறது.
உள்ளே ஒரே ஆள், ஓடெஸா.
கல்லாவும் அவள், அட்டைப்பெட்டி பிரிப்பதும் அவள்.
கழிவறைக்குப் போனால் கடைக்குப் பூட்டு.
ஒரு மணி நேர உழைப்பு
எட்டு சோப்புநீர் பாட்டில், வரி போக.

வெர்லின் கால்குலேட்டரோடு வருகிறார்,
தானியக் கிடங்கில் எடைபோட்டு ஓய்ந்தவர்.
பாட்டிலைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படிக்கிறார்:
"போன வருஷம் முப்பத்திரண்டு அவுன்ஸ்.
இப்போ இருபத்தொன்று. விலை அதேதான்."
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது,
லேபிளில் மட்டும் இன்னும் கழுதை.

நகரத்துப் பெரிய கடையில்
அவுன்ஸுக்குப் பாதி விலை.
போக நாற்பது மைல், வர நாற்பது.
பெட்ரோலைக் கூட்டினார்.
பிரேக் தேய்மானத்தையும் விடவில்லை.
வாரச் சாமான் முழுதுக்கும்
இங்கேதான் முப்பது சென்ட் மிச்சம்.
திரும்பவும் போட்டுப் பார்த்தார்.
தோற்றவர் போல முகம்.

"வெங்காயம்?"
"வராது. வெங்காய வாசனை சிப்ஸ் இருக்கிறது."

ரசீது முழங்கை நீளம்.
அதில் மட்டும் யாரும் அங்குலம் குறைக்கவில்லை.

கிழித்துக் கொடுத்துவிட்டு
கேமராவுக்கு முதுகு காட்டி ஓடெஸா சொன்னாள்:
"ஞாயிறு நகரம் போகிறேன். எத்தனை வேணும்?"

வெர்லின் பதில் சொல்லவில்லை.
எண்பது மைலை இரண்டாக வகுத்து
தன் பங்குப் பெட்ரோலை
சில்லறையாக எண்ணி வைத்தார்.
பிறகுதான்,
மூன்று விரல்.